நாலு மணி நிகழ்ச்சியும் நேர்ந்துவிட்ட கிடாவும்

எனக்கு இரண்டு வேலை. செய்தித்தாளின் உள்ளூர் இணைப்பில் வாரம் ஒரு பத்தி எழுதுகிறேன். வார நாட்களில் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் ஊர்ப் பண்பலையில் ஒரு மணி நேரம் பேசுகிறேன். இரண்டிலும் செய்வது ஒன்றுதான்: வாயை அடக்காமல் இருப்பது. பள்ளிக்கூடத்தில் இதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். இப்போது இதற்காகவே கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது.

பத்திதான் முதலில் வந்தது. கல்லூரிக் கடைசி வருஷம், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களைப் பற்றி, ஒரு நாள் வழி முழுதும் நின்றுகொண்டே வந்த கடுப்பில், மொபைலில் டைப் அடித்து அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். அடுத்த வாரமும் கேட்டார்கள். அப்படியே ஒட்டிக்கொண்டது. பத்தி எழுதுவதில் ஒரு வினோதம் உண்டு: அதைப் படித்தவர்கள் யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. எல்லாரும் அப்பாவிடம்தான் சொல்வார்கள். அப்பா சலூனுக்குப் போய்விட்டு வந்து, "உன்னைய அங்கன கிழிச்சுத் தொங்க விட்டுட்டாவ" என்பார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டுத்தான் பண்பலை நிலையத்தின் பொறுப்பாளர் கூப்பிட்டார். எங்கள் எல்லாருக்கும் அவர் 'சார்'. நிலையம் என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பாத்திரக் கடையின் மாடி. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, இரண்டு மைக், ஒரு கம்ப்யூட்டர், போன் இணைப்பு. ரயில் பாதை பக்கத்திலேயே இருப்பதால் கூட்ஸ் வண்டி போனால் மெத்தையையும் மீறிக் கேட்கும். அப்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, "வண்டி போகட்டும் மக்களே" என்பேன். சாருக்கு அது பிடிக்காது. அவருடைய வேதம் ஒன்றே ஒன்று: ரேடியோவில் சத்தம் நிற்கக்கூடாது. மூன்று மூச்சு அமைதியாக இருந்தால் போதும், கேட்கிறவன் வேறு பக்கம் திருப்பிவிடுவான் என்பார். அதோடு நேரலையில் போன் எடுப்பதென்றால் அவருக்குப் பயம், யார் என்ன பேசிவிடுவார்களோ என்று.

ஆனால் போன்தான் நிகழ்ச்சியே. தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போடுகிற அக்காக்கள், கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர்கள், கயத்தாறு பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சாயா குடிக்கிற லாரிக்காரர்கள், கரிசல் காட்டில் ஆடு மேய்க்கிறவர்கள். பத்திக்கு ஒரு வாரம் கழித்து அப்பா மூலமாக வருகிற திட்டு, இங்கே கையோடு கிடைக்கும். "ஏட்டி, நீ பேசுதது ஒண்ணும் வெளங்கல, மெதுவாப் பேசு" என்று முதல் வாரமே ஓர் அக்கா நேரலையில் சொன்னாள். மெதுவாகப் பேசிப் பார்த்தேன். மறுநாள் அவளே கூப்பிட்டு, "நேத்து ஒறக்கம் வந்துட்டு, பழையபடியே பேசு" என்றாள்.

ஆட்டுக்கார அக்கா அப்படித்தான் பழக்கமானாள். கடம்பூருக்குத் தள்ளி ஒரு சின்ன ஊர். அவள் மேய்க்கிற பக்கத்தில் ரயில் பாதை மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். தினமும் ஆடுகளை மேட்டோரம் ஒதுக்கிவிட்டு ஏறி நின்று கூப்பிடுவாள். பாட்டு கேட்க மாட்டாள். நான் அன்றைக்குச் சொன்ன ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை வம்புக்கு இழுப்பாள். பின்னால் எப்போதும் ஆடு கத்தும்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் கூப்பிட்டபோது ஆட்டுச் சத்தம் மட்டும்தான் வந்தது.

"அக்கா, லைன்ல இருக்கீயளா?"

"இருக்கேன். ஒரு சேதி சொல்லணும். கிடாயக் காணும்."

"எந்தக் கிடா?"

"சொடலைக்கு நேந்துவிட்ட கிடா. கருப்பு. ஒரு காது மட்டும் வெள்ள. கழுத்துல மஞ்சத் துணி கெட்டிருக்கு. கயித்த அத்துட்டு ஓடிட்டு."

போன வருஷம் அவள் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, ரெண்டு உயிரும் நல்லபடியா வந்தால், பிறந்து சில நாளே ஆன இந்தக் கிடாக்குட்டியைச் சுடலை கோயில் கொடைத் திருவிழாவில் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். இரண்டு உயிரும் வந்தன. பேரன் இப்போது தவழ்கிறான். பங்குனிக் கொடையில் அவனுக்கு மொட்டை, கிடாவுக்கு வெட்டு. கொடைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. இதையெல்லாம் அவள் நேரலையில் ஒரே மூச்சில் சொன்னாள். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் கையை விரித்து, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற கிடா வாங்கிக் குடுத்தா ஆகாதாக்கா?"

"உன் புருசன் காணாமப் போனா வேற ஒண்ணு வாங்கிக்கிடுவியாட்டி?"

"எனக்கு இன்னும் ஆகலக்கா."

"ஆகும், ஆகும். அப்பத் தெரியும். அந்தக் கிடாயத்தான் சொன்னேன், அந்தக் கிடாயத்தான் குடுக்கணும். நீ எல்லாத்துகிட்டயும் சொல்லு."

சொன்னேன். கருப்புக் கிடா, ஒரு வெள்ளைக் காது, மஞ்சள் துணி, சுடலைக்கு நேர்ந்தது, பார்த்தவர்கள் உடனே கூப்பிடுங்கள்.

மறுநாள் நாலு மணிக்கு மைக்கைத் திறந்ததுமே போன் அடித்தது. விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி அண்ணாச்சி.

"கிடா நம்ம காட்டுலதாம்மா நின்னுச்சு. கடைசி எடுப்புப் பருத்தி. நல்லா மேஞ்சுது."

"பிடிச்சுக் கட்டிட்டீங்களா?"

"நானா?" அண்ணாச்சி பதறினார். "சாமி கிடாய நான் எப்படிம்மா கெட்டுவேன்? வாழப்பழம் குடுத்தேன். தின்னுட்டு தெக்க போயிட்டு."

அதற்கு மறுநாள் ஒரு கல்யாண வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கிடா வந்து வாசலில் கட்டியிருந்த வாழைமர இலையையெல்லாம் தின்றுவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப நல்ல சகுனம் என்று சொல்லிவிட்டார்களாம். "யாராவது பிடிச்சீங்களா?" என்று கேட்டேன். "பிடிக்கவா? போட்டோல்லா எடுத்துக்கிட்டோம்" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேர்ந்துவிட்ட கிடா என்று தெரியாமல் இருந்திருந்தால் யாராவது ஒருவர் காதைப் பிடித்து இழுத்துத் தொழுவத்தில் கட்டியிருப்பார். நாங்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டோம். இப்போது அதை விரட்ட ஆளில்லை, அடிக்க ஆளில்லை, பிடிக்கவும் ஆளில்லை. போகிற இடமெல்லாம் விருந்து. கிடாவுக்கு எதற்கு வீடு?

சரி, ரேடியோவில் சொன்னது காற்றோடு போகும், அச்சில் வந்தால் மதிப்பார்கள் என்று நினைத்து அந்த வாரப் பத்தியை அதற்கே ஒதுக்கினேன். 'தயவுசெய்து பிடித்துக் கட்டுங்கள், சுடலை கோபிக்க மாட்டார்' என்று நல்ல அழுத்தமாக எழுதினேன். அப்பா சலூனிலிருந்து வந்தார்.

"சொடலை கோவிக்க மாட்டாருன்னு உன்கிட்ட எப்பம் சொன்னாருன்னு கேக்காவ."

"யாரு கேக்கா?"

"சலூன் முழுக்கக் கேக்காவ. நானும் கேக்கேன்."

நிகழ்ச்சியில் இன்னும் மோசம். ஓர் அம்மா கூப்பிட்டு, கிடா அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்ததாகவும், மஞ்சள் தண்ணி ஊற்றிக் கும்பிட்டதாகவும், அது நன்றாக உடம்பைத் துலுக்கியதாகவும் பூரிப்போடு சொன்னாள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஊற்றியதும் கிடா உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த நிமிஷமே மேட்டிலிருந்து ஆட்டுக்கார அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி, அவ யாரு? எங்க சாமி கிடாய்க்கு அவ எதுக்குத் தண்ணி ஊத்துதா? அங்கன துலுக்கினது செல்லாதுன்னு சொல்லு."

சாமி விஷயத்தில் தீர்ப்பு சொல்கிற நிலைமைக்குப் பண்பலை வந்துவிட்டதைப் பார்த்து சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நிகழ்ச்சி முடிந்ததும் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார். "கிடா போதும். நாளைக்கு ஒரு தடவ பேசிக்கிடு. அதுக்குப் பொறவும் இதே கததான்னா நேரலையில போன் கிடையாது. முன்கூட்டியே பதிவு பண்ணி, வெட்டித்தான் போடணும்."

எனக்கு அது கொஞ்சம் வலித்தது. ஆனால் அக்காவின் கவலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. கிடா எங்கே நிற்கிறது என்று தகவல் வந்து, மருமகனின் பைக்கில் அவள் அங்கே போய்ச் சேருவதற்குள் அது வேறெங்காவது போய்விடும். மகள் பேரனுக்கு மொட்டை போடுவதையே தள்ளி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அக்காவின் குரல் இறங்கியது.

மறுநாள், எனக்குக் கொடுத்த அந்த ஒரு தடவையில், அக்காவை லைனில் எடுத்தேன். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் கிடாவைத் திட்ட ஆரம்பித்தாள். நன்றிகெட்ட பயல், புட்டிப்பால் குடுத்து வளத்தேன், மழையில வீட்டுக்குள்ள படுக்க வச்சேன். திட்டிக்கொண்டே போனவள், பழக்கத்தில், மேட்டில் நின்று கூப்பிடுவதுபோல ஒரு குரல் கொடுத்தாள். "ரா... ரா... ட்ர்ர்ர்ர் ரா..." அவர்கள் வீட்டில் தெலுங்கு. ஆட்டைக் கூப்பிடுவதும் அதில்தான். நல்ல நீளமான குரல். ஹெட்போனில் எனக்கே எழுந்து போகலாம் போல இருந்தது.

உடனே இன்னொரு லைன் மின்னியது. கயத்தாறுக்கு இந்தப் பக்கம், நாலுவழிச் சாலையோரம் டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி.

"எம்மா, கிடா இங்கன கட வாசல்ல நிக்குது. போஸ்டரத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. இப்பம் ரேடியோவுல அந்த அம்மா கூப்பிட்டாவல்ல? டக்குனு திரும்பி பொட்டியப் பாத்துட்டு."

"பொட்டின்னா?"

"எங்க ரேடியோப் பொட்டிதாம்மா. உள்ள வந்துட்டு. பெஞ்சுல இருந்தவியல்லாம் எந்திச்சு நிக்காவ. நான் என்ன செய்யட்டும்?"

"பிடிங்க அண்ணாச்சி."

"அது மட்டும் நடக்காது."

"அப்ப ரேடியோவ அணைக்காதீங்க. சத்தமா வைங்க. அக்கா, கேட்டீங்களா? பைக்க எடுங்க. அதுக்கு முன்னால இன்னொரு தடவ கூப்பிடுங்க, நல்லாக் கூப்பிடுங்க."

அவள் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் அந்தத் துண்டை வெட்டினேன். பைக்கில் ஏறினால் லைன் அறுந்துவிடும், குரல் நின்றால் கிடா போய்விடும். அதனால் வெட்டிய துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ரா... ரா... ட்ர்ர்ர்ர் ரா... கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு வரைக்கும், எங்கள் அலை எட்டுகிற இடமெல்லாம், அது ஒன்றுதான் ஓடியது.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு சார் உள்ளேயே வந்துவிட்டார். "இது என்ன ரேடியோ ஸ்டேஷனா, ஆட்டுத் தொழுவமா?"

"சத்தம் நிக்கக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "துண்டு ஒட்டுத எடத்துல ஒரு இடி இடிக்குது. அதச் சரி பண்ணு. கிடாய்க்குத் தெரிஞ்சிரப் போவுது" என்றார். இரண்டு பேருமாக அதைச் சரிசெய்தோம்.

நடுவில் போன்கள். எட்டயபுரம் ரோட்டிலிருந்து ஒருவர்: "ஏம்மா, என் ஆடெல்லாம் மேயாம ரேடியோவ வச்சிருக்கிற என்னையவே சுத்துது. எப்பம் நிறுத்துவ?" தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஓர் அக்கா, பின்னால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து "ரா, ரா" என்று கத்திச் சிரிக்க: "கிடா வந்துட்டா இல்லியா? நாங்களும் கூடக் கூப்பிடவா?" ஒரு லாரிக்காரர், கிடாவை நேரில் பார்ப்பதற்காகவே அந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தப் போவதாகச் சொன்னார். டீக்கடை அண்ணாச்சியை நான் லைனிலேயே வைத்திருந்தேன். அவர் வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தார். கிடா பெட்டிக்கு முன்னால் படுத்துவிட்டது. கிடா பன் தின்கிறது. கிடா தூங்கி விழுகிறது.

பிறகு, "வந்துட்டாவ, அந்த அம்மா வந்துட்டாவ" என்றார்.

போனுக்குள் பைக் சத்தம் கேட்டது. அக்காவின் உண்மைக் குரலும், பெட்டியிலிருந்து அவளுடைய பதிவுக் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவள் கடை வாசலில் நின்று கூப்பிடுகிறாள். அதே கூப்பாட்டைப் பெட்டியும் கூப்பிடுகிறது.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"எந்திச்சுட்டு. அவியளப் பாக்குது. பொட்டியப் பாக்குது." கொஞ்சம் பொறுத்து, "பொட்டிகிட்டத்தாம்மா போவுது" என்றார்.

பின்னால் அக்கா கத்துவது தெளிவாகக் கேட்டது. "அடப் பாவிப்பயலே, நான் இங்கன நிக்கேன், அங்கன எங்க போற?"

சார் கையை நீட்டி ஒலியை முழுதாக இறக்கினார். நானும் மைக்கை மூடினேன். அவருடைய வேதத்தை அவரே மீறி, எங்கள் நிலையத்தில் அமைதி போனது. ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. நாலாவதிலும் அவர் கையை எடுக்கவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

முதலில் ஒரு அடி விழுகிற சத்தம். பிறகு ஒரு "ம்ம்மே". பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"பிடிச்சுட்டாவ" என்றார் அண்ணாச்சி. "அடிச்சுட்டு இப்பம் கெட்டிப்பிடிச்சு அழுதாவ. எம்மா, பன்னு காச நான் கேக்கல, சாமிக்குன்னு வச்சுக்கிடுதேன்."

மைக்கைத் திறந்து அதை அப்படியே சொன்னேன். ஐந்து மணி வரைக்கும் போன் ஓயவில்லை. மறுநாளும் ஓயவில்லை. மறுநாள் லைனில் வந்தவர்கள் எல்லாரும் வேறு ராகம் பாடினார்கள். இவ்வளவு தூரம் நடந்து ஊரெல்லாம் பார்த்த கிடாவை வெட்டலாமா, விட்டுவிடக்கூடாதா என்று. கல்யாண வீட்டார் கூப்பிட்டார்கள். பருத்திக்காட்டு அண்ணாச்சி கூப்பிட்டார். கிடாவுக்காகத் தீப்பெட்டி ஆபீஸே பரிந்து பேசியது. எனக்கும் அதே எண்ணம்தான். அக்கா மேட்டிலிருந்து கூப்பிட்டபோது நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"எல்லாரும் விட்டுருங்கன்னு சொல்லுதாவக்கா."

"அவியல்லாம் எம் மக ஆஸ்பத்திரியில கெடந்தப்போ வாசல்ல உக்காந்திருந்தாவளா?"

அடுத்த லைனை எடுக்கப் போனேன். அவள் விடவில்லை.

"சொன்னது சொன்னதுதான். தேடித் தந்தவுக எல்லாரையும் கொடைக்கு வரச் சொல்லு. நீயும் வா. உங்க சாரயும் கூட்டிக்கிட்டு வா."

போனோம். சார் வேட்டி கட்டிக்கொண்டு என் ஸ்கூட்டிக்குப் பின்னால் அவர் பைக்கில் வந்தார். பீடத்துக்கு முன்னால் கிடா நின்றது, புது மஞ்சள் துணியோடு, டீக்கடையில் தின்ற கொழுப்பு கொஞ்சம் தெரிந்தது. பேரன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவன் அம்மா இடுப்பில் இருந்தான். பூசாரி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா அசையவில்லை. இன்னொரு சொம்பு. அசையவில்லை. கூட்டத்தில் யாரோ, "ஏற்கனவே அங்கன துலுக்கிட்டுல்லா" என்று முணுமுணுத்தார்கள். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், முணுமுணுப்பு நின்றது. அவள் கையைக் கூப்பிக்கொண்டு கிடாவையே பார்த்தாள். 'ரா' என்று வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அது சாமி உத்தரவு ஆகாது, அவள் உத்தரவு ஆகிவிடும் என்று பிறகு சொன்னாள்.

மூன்றாவது சொம்புக்குக் கிடா காதிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. முன்னால் நின்ற என் சுடிதார் முழுக்க மஞ்சள். குலவைச் சத்தத்தில் சார் ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தோம். ஒரு வாரமாக நான் தினமும் வாயால் தேடிய கிடா. முதல் வாய் இறங்க மாட்டேன் என்றது. அக்கா வாளியோடு வந்து எதிரில் நின்றாள்.

"என்னட்டி, ரேடியோவுல அம்புட்டுப் பேசுத, இங்கன வாயத் தொறக்க மாட்டேங்குத?"

"பழகிட்டேன்க்கா அவன்கூட."

"நானுந்தான் பழகினேன்" என்றாள். "சாப்பிடு."

சாப்பிட்டேன். இரண்டாவது வாய் நன்றாகவே இறங்கியது. பக்கத்து இலையில் சார் எலும்பைத் தட்டிக்கொண்டே, நாளை நாலு மணிக்குப் போன் லைன்களைத் திறந்தே வைக்கச் சொன்னார். அந்த வாரப் பத்தியை வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் டைப் அடித்து அனுப்பினேன். அது வெளிவந்த அன்று அப்பா சலூனிலிருந்து வந்து, "கறி எப்படி இருந்துச்சுன்னு நீ எழுதவே இல்லியாம், அதத்தான் எல்லாரும் கேக்காவ" என்றார்.

நல்லா இருந்தது. கொஞ்சம் காரம்.